ஓசியில் ஒரு விளம்பரம்

மதுரையில் ஒரு கடை தன் பெயரை ஊருக்குச் சொல்ல 1990களில் என்னென்ன வழி இருந்தது என்பது எனக்கு அத்துபடி. தட்டச்சுப் பயிலகமாகத் தொடங்கி, டி.டி.பி. சென்டராகி, அப்புறம் பிரவுசிங் சென்டரான இடம் என்னுடையது. ஆடித் தள்ளுபடி, பொங்கல் விற்பனை, கடை இடமாற்றம், எதுவானாலும் பிட் நோட்டீஸ் என் மேஜையில்தான் உருவாகும். அதை அச்சடிக்கக் காசு. பேப்பர் போடும் பையன்களிடம் கொடுத்து நாளிதழுக்குள் செருகக் காசு. தியேட்டரில் ஸ்லைடு போட, சுவரில் எழுத, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கத்த, எல்லாவற்றுக்கும் காசு. கொஞ்சம் வசதியானவர்கள் சிவகாசியில் காலண்டர் அடித்துக் கொடுப்பார்கள். ஓசியில் கிடைத்த ஒரே விளம்பரம், மனம் நிறைந்து போன வாடிக்கையாளரின் வாய்.

அதற்கு அடுத்து ஓசியில் வந்தது இணையம். வந்த கருவிகளையும் போன கருவிகளையும் கடைத்தெருப் பக்கமாக நின்று பார்த்தவள் என்ற முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சிறு வியாபாரிக்கென்றே செய்து கொடுத்தவை பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. வேறு எதற்கோ செய்ததை வியாபாரி தன் பக்கம் இழுத்துக்கொண்டாரே, அவைதான் நின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, படங்களோடு பக்கம் பார்க்கக்கூடிய இணைப்புக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மாசி வீதிகளில் அந்தக் காலத்தில் ஒரு விற்பனைப் பையனின் ஆண்டுச் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டர்கள் வந்த பிறகுதான் எங்கள் கடைக்காரர்களுக்கு அது எட்டியது. மணிக்கு 60 ரூபாய் என்று ஆரம்பித்து, போட்டியில் 40, 20 என்று இறங்கி, கடைசியில் 10 ரூபாய்க்கு வந்து நின்றது.

முதலில் வந்த கிராக்கி ஈ-மெயில் முகவரிக்கு. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயிலை 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அவர்கள் விளம்பரத்துக்கென்று செய்த தந்திரம் ஒன்றே ஒன்று. யார் யாருக்குக் கடிதம் போட்டாலும் அதன் அடியில், நீங்களும் இலவசமாக ஒரு கணக்கு தொடங்கலாம் என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொள்ளும். முதலீடு செய்த டிம் டிரேப்பர் வற்புறுத்திச் சேர்த்தது. கடிதம் எழுதுகிறவரே விளம்பரப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், கூலியும் கேட்பதில்லை. இன்றுவரை வந்த எல்லா ஓசிக் கருவிக்கும் அடிப்படை அந்த ஒரு வரிதான் என்பேன்.

எங்கள் சுங்குடி வியாபாரிகளுக்கு ஹாட்மெயில் முதலில் தேவைப்பட்டது கடிதம் எழுத அல்ல, விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ள. அந்த முகவரியைத் திறந்து பார்க்கிறவள் நான். கடவுச்சொற்களெல்லாம் என் நீளநோட்டில் இருந்தன. இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, அன்று அது வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, ஏதாவது வந்திருந்தால் பிரிண்ட் எடுத்து அனுப்புவேன். “டீச்சர், சிங்கப்பூர்லேர்ந்து லெட்டர் வந்திருக்காமே” என்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

அடுத்தது பக்கம். ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடம் 1994-இல் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட் என்ற பெயரில் தொடங்கியது. இணையத்தையே ஓர் ஊராகப் பாவித்து, பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். கணினி ஆட்களுக்கு சிலிக்கான்வேலி, சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், சிறுதொழில், வீட்டுத்தொழில் செய்கிறவர்களுக்கு யுரேகா. பேட்டையின் பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்ததுதான் முகவரி. அந்த ஏற்பாடு எங்கள் வியாபாரிகளுக்கு உடனே புரிந்தது. மதுரையில் பாத்திரத்துக்கு ஒரு தெரு, நகைக்கு ஒரு தெரு, துணிக்கு விளக்குத்தூண் பக்கம் என்று பிரித்து வாழ்ந்த ஊர்தானே இது.

நோட்பேடில் எச்.டி.எம்.எல். எழுதி, சுங்குடிச் சேலையை ஸ்கேனரில் மடித்து வைத்துப் படமெடுத்து, அது இருக்கிற சில எம்.பி. இடத்துக்குள் அடங்குமா என்று பார்ப்பேன். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் ஸ்கேனரில் மங்கிப்போகும். படத்தைச் சுருக்கினால் சுங்குடியா, சாதா பிரிண்டா என்றே தெரியாது. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நூலால் கட்டிய ஆயிரக்கணக்கான முடிச்சு, திரையில் வெறும் அழுக்குபோலத் தெரியும்.

தமிழில் எழுதுவது அதைவிடப் பாடு. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. நான் எந்த எழுத்துருவில் அடித்தேனோ அதே எழுத்துரு பார்க்கிறவர் கணினியிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டமும் கோடுமாக வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு தரமும், டாம், டாப் என்ற குறியீடுகளும் வகுத்துக் கொடுத்தது. ரெமிங்டனில் விரல் பழகிய என்னைப் போன்றவர்களுக்குப் புது விசைப்பலகை கையில் ஏறவே இல்லை. கடைப்பெயரைத் தமிழில் அடித்து அதைப் படமாக்கி ஒட்டிவிடுவதுதான் சுருக்கு வழி. பார்க்க அழகாக இருக்கும். தேடுபொறிக்கு அது வெறும் படம், கடையின் பெயர் அல்ல. தமிழில் தேடுகிற ஒருவருக்கு எங்கள் கடைகள் இருந்தும் இல்லாதவைதான்.

பக்கம் போட்டாயிற்று, யார் பார்ப்பார்கள்? அதற்கும் ஓர் ஓசி வழி இருந்தது. டோனி ஷேயும் நண்பர்களும் 1996-இல் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச், எங்கள் பக்கத்து மொய்விருந்து மாதிரி. உன் பக்கத்தில் அடுத்தவர் பேனரைக் காட்டு, உன் பேனரை அடுத்தவர் பக்கத்தில் காட்டுகிறோம். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே இரண்டு மொய் வைத்தால் ஒன்றுதான் திரும்பி வரும். மிச்ச ஒன்றை அவர்கள் காசுக்கு விற்றார்கள். உசிலம்பட்டியில் இந்தக் கணக்கைச் சொன்னால் நோட்டைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். இணையத்தில் லட்சக்கணக்கான சின்னப் பக்கங்கள் சம்மதித்தன. 1998-இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் சுங்குடிப் பேனர் எந்தெந்த நாட்டில், யார் கண்ணில் பட்டதோ, அதைப் பார்த்துவிட்டு மதுரைக்குச் சேலை வாங்க யாரும் வரவில்லை.

ஆல்டாவிஸ்டாவில் முகவரி சேர்ப்பது, தன்னார்வலர்கள் நடத்திய ஓப்பன் டைரக்டரியில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது எல்லாம் அதே காலம்தான். அந்த டைரக்டரி 2017 வரை உயிரோடிருந்தது. ஜியோசிட்டீஸை யாகூ 1999-இல் சுமார் 350 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. போகிறவரை பிரதியெடுத்து வைப்போம் என்று ஆர்வலர்கள் சிலர் கிளம்பியதால், பேட்டைகளில் ஒரு பகுதி இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கிறது.

ஜியோசிட்டீஸ் மூடப்படுவதற்கு வெகு முன்பே எங்கள் கடைத்தெரு கணினியை மறந்தே போயிருந்தது. அதன் கையில் செல்போன் வந்துவிட்டது. 2003 மே 1 முதல் அழைக்கிறவரே காசு கொடுக்க வேண்டும், வரும் அழைப்பு இலவசம் என்று ஆனது. அதன் பிறகு சின்ன வியாபாரி கண்டெடுத்த கருவிக்கு ஈடான ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை: மிஸ்டு கால். “பிளவுஸ் தைச்சாச்சுன்னா ஒரு மிஸ்டு கால் குடுக்கிறேன், வந்து வாங்கிக்கங்க” என்பார் புதுமண்டபத்துத் தையல்காரர். ஒரு ரிங் என்றால் தயார், இரண்டு ரிங் என்றால் அளவில் சந்தேகம், நேரில் வரவும். பால்காரர், கேபிள்காரர், கேஸ் கொண்டுவருபவர், ஆளுக்கொரு மணிக்கணக்கு வைத்திருந்தார்கள். யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

2010-இல் பெங்களூரில் ஜிப்டயல் என்றொரு நிறுவனம் இதையே பெரிய கம்பெனிகளுக்கான சேவையாக்கியது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் சலுகை விவரம் திரும்பி வரும். கொடுத்தவரின் எண் கம்பெனியிடம் சேர்ந்துவிடும். 2015 ஜனவரியில் ட்விட்டர் அதை வாங்கியது. தையல்காரர் இதைக் கேள்விப்பட்டு, “நாங்க ஓசியில செஞ்சதுக்கு அவனுக்குக் காசா?” என்றார்.

எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படித்தான். ஹைதராபாத்திலிருந்து வந்த வே2எஸ்எம்எஸ் தளத்தில் இளவட்டங்கள் ஜோக்கும் காதலும் அனுப்பிக்கொண்டிருக்க, கடைக்காரர்கள் என் சென்டரில் வந்து உட்கார்ந்து ஆடித் தள்ளுபடியை அனுப்பினார்கள். செய்தியின் வால்பகுதியை விளம்பரம் பிடித்துக்கொள்ளும். ஹாட்மெயிலின் அந்த ஒரு வரி இங்கேயும் வந்துவிட்டது. செய்தியைச் சுருக்கித் தருவது என் வேலை. நோட்டீஸில் ஒரு பக்கம் எழுதிப் பழகியவர்களிடம் முகவரி போதும், அம்மன் துணை வேண்டாம் என்று புரியவைப்பது லேசில்லை. 2011 செப்டம்பர் 27 முதல், ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். மட்டுமே என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்தது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 26. துணிக்கடைக்கு அதற்கு முந்தின நாலு வாரம்தான் வருடமே. செல்போனில் எஸ்.எம்.எஸ். பேக் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் வீட்டிலுள்ள எல்லோருடைய போனையும் வாங்கி வந்து நூறு நூறாகப் பங்கு போட்டார்கள். வரம்பு 200 ஆனது தீபாவளி முடிந்த பிறகுதான். தொல்லைதரும் விளம்பரங்களை நிறுத்த வந்த விதி அது. தொல்லைக்கு உள்ளானவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, நானும் அவர்களில் ஒருத்தி.

கூகுளின் கருவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் எங்கள் தெருவுக்கு அதில் பாதி ஒட்டவில்லை. வருகையாளரைக் கணக்கெடுக்கும் அனலிடிக்ஸை 2005 நவம்பரில் இலவசமாகத் திறந்துவிட்டபோது கூட்டம் தாங்காமல் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்தார்கள். எங்களுக்கு எண்ணிப் பார்க்க வருகையே இல்லை. 2011 நவம்பரில் இந்தியச் சிறுதொழில்களுக்கு ஓராண்டுக்கு இலவச .இன் முகவரியும் பக்கமும் தரும் திட்டம் வந்தது. ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்கக் கட்டணம் என்றதும் பலர் விட்டுவிட்டார்கள். 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து, செல்போனிலேயே ஒரு பக்க இணையதளம் கட்டிக்கொள்ளும் வசதியை அறிவித்தார். அதுவும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

விதிவிலக்கு என்றேனே, அது வரைபடத்தில் குத்தும் புள்ளி. 2005-இல் லோக்கல் பிசினஸ் சென்டர், 2010-இல் பிளேசஸ், 2014-இல் மை பிசினஸ், 2021-இல் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறிக்கொண்டே போனாலும், கடையைத் தேடி ஆளைக் கூட்டிவந்தது அந்தப் புள்ளிதான். கடை உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ரகசிய எண் அச்சிட்ட தபால் அட்டை வந்தது. இணையத்தின் மகா கம்பெனி கடைசியில் தபால்காரரை நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. பழைய கதவு எண், புதிய கதவு எண், இரண்டுக்கும் நடுவே பார் போட்ட எண் என்றிருக்கும் சந்துகளில் எங்கள் தபால்காரர் எண்ணையே பார்ப்பதில்லை. கடைப் பெயரைப் பார்ப்பார், நேரே முதலாளி கையில் கொடுப்பார். பத்துத்தூண் சந்தில் ஒரே இடத்தில் அத்தனை கடையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் புள்ளி குத்திக் கிடக்கும். இருந்தும் திருமணத்துக்குச் சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். கூடவே நட்சத்திரமும் வந்தது. வண்டி நிறுத்த இடமில்லை என்பதற்காக ஒரு நட்சத்திரம் வாங்கிய கடைக்காரர், “ரோட்டுக்கு நானா ஓனர் டீச்சர்?” என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

வாட்ஸ்அப்பை யாரும் கடைக்காரர்களுக்கென்று செய்யவில்லை. குடும்பம் பேசிக்கொள்ளச் செய்தது. 2017 பிப்ரவரியில் 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ் வந்ததும், சேலைக்கடைகள் காலை பத்து மணிக்கு அன்றைய சரக்கை அதில் ஏற்றத் தொடங்கிவிட்டன. சிறு வியாபாரிகளுக்கான தனிச் செயலியை அந்த நிறுவனம் வெளியிட்டது அதற்குப் பிறகு, 2018 ஜனவரியில். பொருள்களை அடுக்கிக் காட்டும் கேட்டலாக் வசதி 2019 நவம்பரில். கொரோனா ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த மாதங்களில், வீட்டுக் கதவில் சுங்குடியைத் தொங்கவிட்டுப் படமெடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனரில் மங்கிய புள்ளிகள் இப்போது செல்போன் கேமராவில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முடிச்சு அவிழ்த்த இடத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. அசல் எது என்று வாங்குகிறவர்கள் அதை வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

இதிலும் ஒரு கிடுக்கி உண்டு. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஆனால் கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் ஏறக்குறைய அப்படியே. ஆகவே வாடிக்கையாளரை எப்படியாவது எண்ணைச் சேமிக்கவைக்க வேண்டும். அதற்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி மஞ்சப்பை. ஒருபக்கம் மீனாட்சி படமும் கடைப்பெயரும், மறுபக்கம் பெரிய எழுத்தில் வாட்ஸ்அப் எண்ணும், சேவ் பண்ணிக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளும். வடிவமைப்பு என்னுடையது. பை ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று நான் சொன்னால், ஜியோசிட்டீஸ் பக்கத்துக்கு 100 ரூபாய் கேட்டபோது அரைமணி நேரம் பேரம் பேசிய அதே அண்ணன், பேசாமல் முன்பணத்தை எடுத்து வைக்கிறார்.