விசைப்பலகை என்று சொன்னால் போதும்

அதற்கேற்ற நிரலை ஏற்றிய ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால், அது தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டு, முன்பே எழுதிவைத்த விசைகளை மளமளவென்று தட்டத் தொடங்கும். 2021-இல் 4 டாலருக்கு வந்த போர்டு இது. மலிவான மின்னணுவியல்தான் இதைச் சாத்தியமாக்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். விலை குறைந்ததால் பரவியது உண்மை. ஆனால் வேர் 1996-இல் வெளிவந்த யுஎஸ்பி தரத்தில் இருக்கிறது. அதையொட்டி, விசைப்பலகை, மவுஸ் போன்ற கருவிகளுக்காக வகுத்த ஹெச்ஐடி விதிகளின்படி, செருகப்படும் கருவி தான் யார் என்பதைத் தானே சொல்லும். பொதுவாகக் கணினி அதை அப்படியே ஏற்கும். எளிய விசைப்பலகை ஒவ்வொரு முறையும் அனுப்புவது வெறும் 8 பைட். அதிலும் எழுத்து கிடையாது, விசையின் இட எண் மட்டுமே. எண் 4 வந்தால், கணினியில் ஆங்கில அமைப்பு இருந்தால் 'a', தமிழ்99 அமைப்பு இருந்தால் 'அ'. தட்டியது விரலா நிரலா என்று பிரித்தறிய அந்த 8 பைட்டில் எந்தத் தடயமும் இல்லை. இவ்வளவு எளிய பேச்சு என்பதால்தான், யுஎஸ்பி வசதியே இல்லாத 8 கிலோபைட் நினைவகம் கொண்ட அட்டினி85 சில்லுகூட வி-யுஎஸ்பி என்ற மென்பொருளின் துணையோடு விசைப்பலகையாகிவிடுகிறது.

விசைத் தட்டல்களைக் கேள்வியின்றி ஏற்கும் இந்த நம்பிக்கை யுஎஸ்பிக்கும் மூத்தது. விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே இணைக்கப்பட்ட பார்கோடு வாசிப்பான்கள், தாம் படித்த எண்ணை விசைத் தட்டல்களாகவே அனுப்பின. கடையின் பில் மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கையசைவு குறைந்தவர்களுக்கான பெரிய பொத்தான்களும் இதே வழியில்தான் இயங்குகின்றன.

திருடர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. 2010-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஏட்ரியன் கிரென்ஷா டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் டீன்சி என்ற சிறு போர்டைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். ஆனால் போர்டைத் தடுத்திருந்தால் ஆபத்து நீங்கியிருக்காது. சாதாரண பென்டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதியே அதை விசைப்பலகையாக்கலாம் என்று 2014-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் நிரூபித்தார்கள். வெளியே தெரியும் போர்டைவிட அது பல மடங்கு அபாயகரமானது. மறைவாக நடக்கக்கூடியதை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்ததே மலிவுப் போர்டுகள் செய்த பெரிய உதவி என்பேன்.

அப்படியானால் விசைப்பலகையிடம் முதலிலேயே சான்று கேட்டிருக்கலாமே? புதுக் கணினியில் முதல் விசைப்பலகையைச் செருகும்போது, 'சரி' என்று எதைக் கொண்டு அழுத்துவது? அந்த ஒரு நிலைக்கு 1996-இன் முடிவு சரியானதே. ஏற்கெனவே ஒரு விசைப்பலகை இயங்கும் கணினியில் இன்னொன்று வந்து சேரும்போது அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே ஒரு கேள்வி கேட்க எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆப்பிள் தன் சொந்தச் சில்லு கொண்ட மடிக்கணினிகளில் புதிய யுஎஸ்பி கருவிக்கு அனுமதி கேட்கத் தொடங்கியது 2022-இல், மேக்ஓஎஸ் இயங்குதளத்தின் வென்சுரா பதிப்பில்தான்.