வன்னிக் கிணறுகளும் தண்ணீரின் குணமும்

தண்ணீரூற்று, தண்ணிமுறிப்பு, நெடுங்கேணி, கனகராயன்குளம். வன்னியின் ஊர்ப்பெயர்களை வாசித்தாலே அங்கு குடியேறியோர் முதலில் எதைத் தேடினர் என்பது விளங்கும். வன்னிக் குளங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கிணறுகளைப் பற்றி எழுதியோர் குறைவு.

வன்னி ஒரே நிலமன்று. வவுனியாவின் பெரும்பகுதி பழம்பாறை மீது அமைந்தது. அப்பாறையின் வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள உக்கிய மண்ணிலும் தேங்குவதே கிணற்றுக்கு வரும் நீர். ஆகவேதான் குளத்தை அண்டிக் கிணறு வெட்டினார்கள். குளத்தில் நீர் நிற்கும்வரை கிணறும் நன்னீர் தரும். குளம் வற்றும் ஆவணியில் அதே கிணற்று நீர் கனத்துக் கயர்க்கும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் கதை வேறு. அங்கே மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறிவிடும். நம் முன்னோர் இந்தக் கணக்கை அறியார். ஆயினும் ஆழமற்ற பூவல் தோண்டி அளவாகவே அள்ளினார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று உவர் மேலிருந்தே வந்தது. சுனாமியில் மூழ்கிய கிணற்றை அவசரப்பட்டு இறைத்தால் அடி உவரும் மேலேறும்; மழைதான் அதனைக் கழுவ வேண்டும். 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான ஒடுங்கிய மணற்றரையில் அடைபட்ட மக்கள், மணலில் தோண்டிய குழிகளின் நீரைக் குடித்தனர். மலகூடக் குழிகளும் அதே மணலில்தான் இருந்தன. வேறு வழி இருக்கவில்லை.

கலங்கலும் உவரும் கண்ணுக்கும் நாவுக்கும் தெரிந்த கேடுகள். கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டையைக் குடத்தில் உரைத்தார்கள். உவர் போக நெல்லிக் கட்டையைக் கிணற்றில் இட்டார்கள். புளோரைட்டோ நாவுக்கு அகப்படுவதில்லை. பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்துவரும் அது, லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல் துலக்காத பிள்ளைகள் என்று அவர்களை வைதவர்கள் நாம்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களுட் பலருக்குக் குளத்தின் கீழான வயல் நிலம் கிடைக்கவில்லை; மேட்டுக்காணிதான் கிடைத்தது. குளத்தின் துணையற்ற மேட்டுநிலத்தில் ஆழத் தோண்டவேண்டும். ஆழத்து நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அது பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர்.

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியாவையும் விடவில்லை. புளோரைட்டு, நீரின் வன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைக்கும் உடலின் நீரிழப்பு என ஆய்வாளர்கள் பலவற்றைச் சுட்டுகிறார்கள், உடன்பாடு ஏற்படவில்லை. கிணற்றின்மேல் மட்டும் பழி போடவும் முடியாது, அதனை விடுவிக்கவும் முடியாது.

இப்போது பல ஊர்களில் குடிநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலன்களில் வாங்குகிறார்கள். கிணறு குளிக்கவும் தோட்டத்துக்கும் என்றாகிவிட்டது. அந்த நீர் சப்பென்று இருக்கிறது என்பது வயதானவர்களின் குறை.