ஹைப்ரிட் சைக்கிள்

நேரான ஹேண்டில்பார், பந்தயச் சைக்கிளின் அளவிலான பெரிய சக்கரம், நடுத்தரத் தடிமன் கொண்ட டயர் ஆகியவை சேர்ந்த கியர் வண்டியே ஹைப்ரிட் சைக்கிள். மலைச் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரும் வசதியையும் பந்தயச் சைக்கிளின் ஓட்டத்தையும் ஒரே வண்டியில் சேர்க்கும் முயற்சியாக 1980களின் இறுதியிலும் 1990களிலும் மேலைநாடுகளில் பரவியது. எடை பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. வேலைக்குப் போய்வரவும் உடற்பயிற்சிக்கும் ஒரே வண்டி போதும் என்று நினைப்பவர்கள் வாங்குவது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்குச் சைக்கிள் புதிதல்ல. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் என்ற பெயர்கள் அதன்வழி வீட்டுப் பெயர்களாயின. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பின்னர் பள்ளி மாணவ மாணவியருக்கு அரசின் விலையில்லா சைக்கிள் வந்தது. அந்தச் சைக்கிள் வீட்டில் நல்ல நிலையில் இருந்தால், கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வர அதுவே போதும். தினமும் சில கிலோமீட்டர் விடாமல் ஓட்டப்போகிறவருக்குத்தான் ஹைப்ரிட் தேவை.

சின்ன காஞ்சிபுரம் அப்படி ஓட்டுவதற்கு ஏற்ற இடம். பாலாற்றுப் படுகையை ஒட்டிய சமநிலம்; மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக 16 நிமிடம், வர 16 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் போய்வந்தால் 160 நிமிடம் ஆகிறது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தனியாக உடற்பயிற்சிக்கூடம் போகாமலே அந்தக் கணக்கு நிறைந்துவிடுகிறது. விடுமுறை நாளில் நீண்ட தூரம் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு, குடவோலைக் கல்வெட்டு உள்ள உத்திரமேரூர் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மேடில்லாத ஊரில் 21 கியர், 24 கியர் என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது வீண். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு அல்லது எட்டு இருந்தால் போதும். முன்பல் 38, பின்பல் 14 என்று வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 25 கி.மீ. வேகம் வரும், வரதராஜப் பெருமாள் கோயில் சந்நிதித் தெருவில் அதற்குமேல் போகவும் கூடாது. முன்பக்கக் கியர் மாற்றி இல்லாவிட்டால் கம்பியும் லீவரும் அவற்றின் கோளாறும் குறையும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது டயர். 28 மி.மீ. டயர் வேகமாக ஓடும். ஆனால் பாதாளச் சாக்கடை மூடிகளும் தோண்டி மூடிய பள்ளங்களும் உள்ள தெருவில் முதுகுக்கு ஆகாது. 38 முதல் 42 மி.மீ. வரையிலானதே இங்கே பொருத்தம். அளவில் ஒரு குழப்பமும் உண்டு. பழைய கறுப்புச் சைக்கிளின் டயரிலும் 28 என்று எழுதியிருக்கும். ஹைப்ரிட் டயர் சிலவற்றிலும் 28 என்றிருக்கும். ஆனால் முன்னதன் ரிம் விட்டம் 635 மி.மீ., பின்னது 622 மி.மீ. ஒன்று மற்றொன்றில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இன்று இளைஞர்கள் ஓட்டும் 29 அங்குலக் கியர் சைக்கிளின் ரிம்மும் 622தான் என்பதால், அகலம் ஒத்துவந்தால் அதன் ட்யூப் கைகொடுக்கும்.

ட்யூபின் வால்வு மோட்டார் சைக்கிளில் உள்ள வகையாக இருப்பது நல்லது. எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் தனி அடாப்டர் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு வைக்கும் அளவிலேயே காற்று வைத்தால் இதற்குப் போதாது. இந்த அகல டயர்கள் பலவற்றுக்கு 50 பிஎஸ்ஐக்கு மேல் தேவை. டயரிலேயே அளவு போட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டையாகப் பஞ்சராகும்.

முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் கடையில் கவர்ச்சியாகத் தெரியும். மலிவான வண்டிகளில் அது எடையைக் கூட்டுகிறது. இரண்டு மழைக்காலம் கண்டதும் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அகல டயரோடு சாதா ஃபோர்க் இருப்பதே மேல். பிரேக்கில், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் மலிவு, கட்டை மாற்றுவதும் சுலபம். ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால் பிடிப்புக் குறையும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் ஈரத்திலும் பிடிக்கும். எண்ணெய் டிஸ்க் மிகச் சிறந்தது, ஆனால் எண்ணெயில் காற்றுப் புகுந்தால் அதற்கான கருவியும் பழக்கமும் உள்ள கடையைத் தேட வேண்டும். கோட்டம் எடுப்பதும் ஓவராயில் செய்வதும் தெருக்கோடிக் கடையிலேயே நடக்கும் வண்டியைத்தான் ஒருவர் பத்து வருடம் ஓட்டுவார்.

இவ்வூர்ப் பட்டு நெசவாளர் வாங்கும்போது உட்காரும் நிலையே முதன்மை. குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு மிதித்துக்கொண்டு, நெய்யும் சேலையின் கோர்வைக் கரையின்மீது குனிந்தே அவர் பகல் போகிறது. மாலையில் மறுபடியும் குனிந்து ஓட்டும் வண்டி அந்த முதுகுக்கு இரட்டைத் தண்டனை. ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். சீட்டோ நம்மவர்கள் வைப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படியுமாறு வைப்பது பரவலான பழக்கம். முழங்கால் வலிக்கு அதுவே காரணமாகிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நீள வேண்டும்; பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுதான் அளவு. ஃபிரேமின் மேல்குழாயைக் கடந்து நிற்கையில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும். சேலை, சுடிதார் அணிபவர்களுக்கும் மூட்டு வலி உள்ள முதியவர்களுக்கும் தாழ்ந்த குழாய் உள்ள ஃபிரேம் பொருத்தம். செயின் கார்டு இல்லாத வண்டி வேட்டிக்கும் துப்பட்டாவுக்கும் ஆபத்து.

பல ஹைப்ரிட்கள் மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. பின் அச்சுக்கு அருகிலும் சீட்டுக்குக் கீழேயும் அவற்றைப் பொருத்தத் திருகுத் துளைகள் உள்ளனவா என்று கடையிலேயே குனிந்து பார்க்க வேண்டும். பட்டு நூலும் ஜரிகையும் முடித்த சேலையும் போய்வரும் ஊர் இது. சேற்றுத் துளியோ செயின் மசியோ ஒன்று பட்டால் பல நாள் உழைப்பு கெடும். முழுநீள மட்கார்டும், கேரியரின் பக்கத்தில் தொங்கும் நீர்புகாப் பையும் இங்கே அலங்காரமல்ல.

வைகாசி கருடசேவை போன்ற நாட்களில் சந்நிதித் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் அந்தப் பகுதி மனிதத் தலைகளால் நிறைந்திருந்தது. 14 கிலோ வண்டியைத் தூக்கி ஓரம் வைப்பதற்கும் 20 கிலோ கறுப்பு வண்டியை நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது கைக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. மிச்சமாகும் பணத்தைக் கூடுதல் கியரில் போடாமல் முன்விளக்கு, பின்பக்கச் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், நல்ல பூட்டு ஆகியவற்றில் போடலாம். பழைய வண்டி வாங்குவோர் முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அலுமினிய ஃபிரேமில் அங்கே கீறல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது.