"கீழ்ப்பாக்கம்" என்பது கெட்ட வார்த்தையா?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலோ அரியலூர் டீக்கடையிலோ நாலு நண்பர்கள் சேர்ந்து நின்றால் இந்த வசனம் எப்படியும் வந்து விழும்: "டேய், இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா!" சொன்னவரும் சிரிப்பார், கேட்டவரும் சிரிப்பார். சென்னையில் இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊர்கள் இவை. சொல்பவர்களில் பாதிப் பேர் கீழ்ப்பாக்கத்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சினிமா காமெடி அந்தப் பெயரைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது.

ஆனால் நண்பர்களே, அந்த மருத்துவமனையை நீண்ட காலம் தலைமை ஏற்று நடத்திய பெண்மணியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்!

முதலில் கொஞ்சம் பழைய கதை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794-ல், வாலண்டைன் கொனோலி என்ற மருத்துவர் சென்னை புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதியைத் தொடங்கினார். அப்போது அதில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியபோது 145 பேர். 1922-ல்தான் அதற்கு "மனநல மருத்துவமனை" என்ற பெயர் கிடைத்தது. அதுவரை ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு அர்த்தம், பைத்தியக்காரர் விடுதி! பெயர்ப்பலகை மாறியது. மக்கள் மனசில் இருந்த பலகை மாறவில்லை.

சாரதா மேனன் 1923-ல் மங்களூரில், ஒரு மலையாளக் குடும்பத்தில், 8 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். அப்பா நீதிபதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். பெண் டாக்டர் என்றாலே பிரசவம் பார்ப்பவர் என்று நினைத்த காலம் அது. அவரோ பெங்களூருக்குப் போய் மனநல மருத்துவம் படித்தார். கணவர் காவல்துறை அதிகாரி.

1959-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் சேர்ந்தார். 1961-ல், 38 வயதில், அதன் கண்காணிப்பாளர் ஆனார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். கொள்ளளவை மீறிய கூட்டம். உள்ளே வந்தவர்களில் பலரை வீட்டார் திரும்ப வந்து பார்ப்பதே இல்லை. மனநோய்க்கான முதல் நல்ல மருந்து 1952-ல்தான் பாரிஸ் நகரில் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. அதற்கு முன் டாக்டர்கள் கையில் இருந்தவை மின் அதிர்ச்சி மாதிரியான சில சிகிச்சைகள்தான்.

மருந்து வந்தபின் ஒரு விஷயம் சாத்தியமானது. நோயாளியைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை! காலையில் வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். புறநோயாளிகள் பிரிவை அங்கே வளர்த்தெடுத்தார் சாரதா மேனன். 1978 வரை அங்கேயே இருந்தார்.

ஓய்வு பெறும்போது வயது 55. பெரும்பாலானவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சப் போகும் நேரம். அவர் என்ன செய்தார் தெரியுமா? 1984-ல், 61 வயதில், டாக்டர் ஆர். தாரா போன்றவர்களுடன் சேர்ந்து ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு நோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை, தங்குமிடம், தொழிற்பயிற்சி எல்லாம் அங்கே. மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, அந்த மனிதன் திரும்பிப் போய் நிற்க ஒரு இடமும் ஒரு வேலையும் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1992-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு கஷ்டம் இருக்கிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு கடைக்கு "குட்வில்" எப்படி வருகிறது? திருப்தி அடைந்த வாடிக்கையாளர் நாலு பேரிடம் சொல்வதால். இதய ஆபரேஷன் செய்துகொண்டவர் "அந்த டாக்டர்தான் உயிரைக் காப்பாற்றினார்" என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்வார். மனநல மருத்துவரிடம் குணமானவர் அப்படிச் சொல்வாரா? ரோட்டில் அந்த டாக்டரைப் பார்த்தால் தெரியாத மாதிரி கடந்து போய்விடுவார். தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்த விஷயம் தெரிந்துவிட்டால்? பயம்! எத்தனை பேரைக் குணப்படுத்தினாலும் இந்தக் கணக்குப் புத்தகத்தில் குட்வில் ஏறுவதே இல்லை.

டாக்டரும் வாய் திறக்க முடியாது. கேட்டதை வீட்டில் சொல்லிப் புலம்பக்கூடாது, நண்பனிடமும் சொல்லக்கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படியும் கட்டாயம். பகலெல்லாம் காதில் வாங்கியதை இரவில் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கவேண்டும்.

இன்னொன்று, காலம். சென்னையில் 1981-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், புதிதாக மனச்சிதைவு வந்த 90 பேரை 25 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் முக்கியப் பங்கு டாக்டர் தாராவுக்கு. 25 வருடம் என்பது ஒரு டாக்டரின் கிட்டத்தட்ட முழு பணிக்காலம்! அந்த நோயாளிகளின் வேலை, கல்யாணம், சிலரின் மரணம் வரை எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. பலர் நன்றாகத் தேறி வேலைக்குப் போனார்கள். "இந்த நோய் வந்தால் வாழ்க்கையே முடிந்தது" என்ற பேச்சு தப்பு என்று காட்டிய ஆய்வு அது.

சரி, இதெல்லாம் சென்னைக் கதை. நம்மூர்ப் பக்கம்?

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. 1996-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை முதன்முதலாக நாட்டிலேயே 4 மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் ஒன்று திருச்சி. அதற்கு முன்பும் பின்பும் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நம்பிப் போன இடம் குணசீலம் பெருமாள் கோயில். 48 நாள் தங்கி வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கும் போகலாம், மாத்திரையும் சாப்பிடலாம். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள்.

2010-ல் ஸ்கார்ஃப் அமைப்பு, திருச்சிக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னை டாக்டர், அங்கேயே மருந்து. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே வருடம் அக்டோபரில் 14416 என்ற இலவச மனநல உதவி எண் வந்தது. தமிழிலேயே பேசலாம்.

ஆனாலும் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. அந்தக் கொஞ்சம் பேரிடமும் போகவிடாமல் தடுப்பது எது? தூரமும் பணமும் மட்டும் இல்லை, டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லும் அந்த ஒரு வார்த்தையும்தான். தூக்கம் வராமல் தவிக்கும் ஒரு பையன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருப்பான். அவன் இனி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டான்.

சாரதா மேனன் 90 வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 டிசம்பர் 5-ம் தேதி, 98 வயதில் காலமானார்.

அடுத்த தடவை யாராவது "கீழ்ப்பாக்கம்" என்று கிண்டல் செய்தால், சண்டை போட வேண்டாம். "அங்கே சாரதா மேனன்னு ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, தெரியுமா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள் :-)