பூட்டிய ஏடும் பொதுச் சொத்தும்

ஏட்டைத் தொடாதே என்றது அன்றைய வருணம். ஏடு உன் நாட்டிற்கில்லை என்கிறது இன்றைய வணிகம். பூட்டு மாறிற்று, பூட்டும் உள்ளம் மாறிற்றா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் உழைப்பாளியின் மகன் நல்ல நூலொன்றை நாடினால், ஏறத்தாழ 46 கிலோமீட்டர் கடந்து தருமபுரிக்குச் செல்லவேண்டும். மின்னூல் அத்தொலைவை அழிக்கும் என மகிழ்ந்தோம். ஆனால் பதிப்புரிமையை நாடுவாரியாகக் கூறுபோட்டு விற்கின்றனர். அயல்நாட்டில் விலைக்குக் கிடைக்கும் மின்னூல், இங்கே பணம் நீட்டினும் கிடைக்காமற் போவதுண்டு. அவன் அதைக் கள்ளத்தனமாக இறக்கிக்கொள்ளலாமா? வரலாறு விடை பகரட்டும்.

ஒகேனக்கல்லில் வீழும் காவிரி, மேட்டூர் கடந்து ஈரோட்டை அடைகிறது. அந்த ஈரோட்டிலேதான் 1925 மே 2இல் 'குடி அரசு' தோன்றிற்று. ஒருவர் வாங்கிய இதழைப் பலர் கூடிப் படித்தனர், இயக்கம் வளர்ந்தது. பெரியார் 1973இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்தபின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்கிறது இன்றைய சட்டம். 'குடி அரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரசார நிறுவனம் உரிமை கோரி வழக்காடிற்று. 2009இல் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. 2010இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஒரே கொள்கையினர் ஏட்டுக்காக வழக்குமன்றம் ஏறும் நிலையை உண்டாக்கிய சட்டம், சிந்திக்கத்தக்கதன்றோ?

வேறு வழியும் நாம் கண்டதே. 1949இல் சென்னை அரசு பாரதியாரின் நூலுரிமையை விலைகொடுத்துப் பெற்றது. பாவேந்தர் நூல்கள் 1990இலும், அண்ணாவின் நூல்கள் 1995இலும் நாட்டுடைமையாயின. குடும்பத்தார்க்குத் தொகை, மக்களுக்கு நூல். 1998இல் தோன்றிய மதுரைத் திட்டம், உரிமைக்காலம் முடிந்தனவும் இசைவு பெற்றனவுமான தமிழ் நூல்களை மின்வடிவில் விலையின்றி வழங்கி வருகிறது. அதில் களவேது?

தோழர்களே, எழுதுவோனும் உழைப்பாளியே! விலைக்குக் கிடைக்கும் நூலைக் காசின்றிக் கவர்வது பகுத்தறிவன்று. அவன் உழைப்பைச் சுரண்டுவதாகும். ஆனால், விற்கவும் மாட்டேன், படிக்கவும் விடேன் என்பது எவ்வகை அறம்? மறுபதிப்பு மறுக்கப்பட்டு, மக்களுக்கு எட்டாதொழிந்த நூலுக்குக் கட்டாய உரிமம் கோர, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவே வழிவகுத்துள்ளது. அவ்வழியை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

நூலகங்கள் வாங்கக் கேளுங்கள், நாட்டுடைமை கோருங்கள், எழுதுவோரிடம் இசைவு பெறுங்கள். இரவில் இரகசியமாய் இறக்கினால் ஒருவனுக்கு ஒரு நூல் கிட்டும். உரிமையென உரக்கக் கேட்டுப் பெற்றால், ஊருக்கே நூலகம் கிட்டும்!