யார் சொல்லிப் படித்தது? தமிழில் நாவல் கைமாறிய வரலாறு

ஒரு நாவலை எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், எந்த ஆண்டில் வந்தது என்பதையெல்லாம் தமிழ் இலக்கிய வரலாறு ஓரளவு ஒழுங்காகவே குறித்துவைத்திருக்கிறது. அந்த நாவலை யார் யாரிடம் ‘படித்துப் பார்’ என்று கொடுத்தார்கள் என்பதற்குத்தான் அதில் இடமில்லை. சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது சின்ன விடுபடலாகத் தோன்றலாம். சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி அரூர் போகும் வழியில் இருக்கிற பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. மஞ்சளும் மரவள்ளியும் விளையும் வாணியாற்றுப் பக்கத்து ஊருக்கு ஒரு நல்ல நாவல் வந்து சேர்ந்தது என்றால், அதைப் படித்துவிட்டு அடுத்தவரிடம் சொன்ன ஒருவர் வழியில் எங்கோ இருந்திருக்கிறார். தமிழில் தரமான நாவல்கள் பல விற்பனையால் பிழைக்கவில்லை. இப்படிச் சொன்னவர்களால் பிழைத்தன. அந்தச் சொல்லல் காலத்துக்குக் காலம் எந்த வடிவம் எடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. அன்று எழுத்தறிந்தவர் மிகச் சிலர். எனவே படிப்பது என்பதே பல இடங்களில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கூடி உட்கார்ந்து கேட்பதாக இருந்தது. இந்தக் கூட்டு வாசிப்பு மெல்ல மெல்லத் தனித்த, மௌனமான வாசிப்பாக மாறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடிக் கேட்ட காலத்தில் பரிந்துரை என்ற தனிச் செயலுக்கே தேவை எழவில்லை. திண்ணையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கதை கிடைத்தது. ஆளுக்கொரு மூலையில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ‘நீ என்ன படிக்கிறாய்?’ என்று கேட்க வேண்டி வந்தது.

அந்தக் கேள்வியை வீட்டுக்குள் பெண்களிடையே உயிரோடு வைத்திருந்தவர்களில் வை.மு. கோதைநாயகி முக்கியமானவர். கதை சொல்வதில் தேர்ந்த அவர், தொடக்கத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுதவைத்தே படைப்பை உருவாக்கினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’யைத் தாமே நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். இந்த நாவல்களின் தரம் பற்றி விமர்சகர்கள் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நாவல் படிப்பதே பெண்களுக்குக் கேடு என்று பெரியவர்கள் கண்டித்த நாட்களில், ஒரு பெண் எழுதி இன்னொரு பெண் கொடுத்து மூன்றாவது பெண் படித்தாள் என்பது சிறிய மாற்றமல்ல.

பிறகு வந்தது வார இதழ்களின் காலம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ‘கல்கி’யில் ஓடியது. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, உறவுக்காரர்களுக்கு இரவல் தந்தார்கள். ஓவியங்களும் நடுநடுவே விளம்பரங்களுமாக அந்தத் தொகுப்புகள் பல குடும்பங்களைச் சுற்றிவந்தன. 1969இல் தொடங்கிய ‘ராணிமுத்து’ மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் தந்து, பேருந்து நிலையப் பெட்டிக்கடை வரைக்கும் நாவலைக் கொண்டுபோனது. இவை பரவலை உண்டாக்கின. எதைப் படிக்கலாம் என்ற தேர்வு மட்டும் இதழாசிரியர் கையிலேயே இருந்தது.

தேர்வை வாசகர் கைக்குக் கொண்டுவந்தது நூலகம். மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை 1931 அக்டோபரில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அதற்குத் துணைநின்ற நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகத்துக்கும் வாசகருக்கும் இடையில் சரியான பொருத்தம் ஏற்படுத்துவதே நூலகரின் வேலை என்று வலியுறுத்தியவர். அவருடைய முயற்சியில் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுதான் இத்தகைய முதல் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாக, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. பாப்பிரெட்டிப்பட்டி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. நூலகத்தில் புத்தகம் திருப்ப வருபவரும் எடுக்க வருபவரும் ஒரே மேசை முன் நிற்கிறார்கள். திருப்புகிறவர் கையில் இருப்பதை அடுத்தவர் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு வாங்கிப்போகும் வழக்கம் அந்த மேசையில்தான் வேர்விட்டது.

இந்த வாய்மொழியை எழுத்தாக, ஒரு வாழ்நாள் வேலையாக மாற்றியவர் க.நா. சுப்ரமணியம் (க.நா.சு.). 1950களில் அவர் எழுதிய ‘படித்திருக்கிறீர்களா?’ கட்டுரைகளின் தலைப்பே நேராக வாசகரைப் பார்த்துக் கேட்கிறது. இலக்கணம் பிரித்துக் காட்டுவதோ கோட்பாடு விளக்குவதோ அவர் நோக்கமல்ல. தாம் ரசித்த நூலை இன்னொருவர் தவறவிட்டுவிடக் கூடாது என்ற தவிப்பே அவரை எழுதவைத்தது. கொங்கு நாட்டு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. அதன் அருமையை ஓயாமல் எடுத்துச் சொன்னவர் க.நா.சு. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தபோது அதைப் பாராட்டியதோடு நில்லாமல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். கன்னூட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’ என்று உலக நாவல்களைத் தமிழாக்கியதும் இதே வேலையின் நீட்சிதான். பரிந்துரைத்த நூல் தமிழில் கிடைக்காவிட்டால் அதைத் தாமே உண்டாக்கினார்.

அவர் போட்ட பட்டியல்கள் பெரும் சண்டைகளைக் கிளப்பின. புகழ்பெற்ற தொடர்கதைகளை அவர் ஒதுக்கியது பலருக்குப் பொறுக்கவில்லை. ‘தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதிய ஈழத்து விமர்சகர் க. கைலாசபதி, சமூகப் பின்னணியை ஆராயாமல் ரசனையை மட்டும் நம்பும் முறையையே ஏற்கவில்லை. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. இருந்தும், ஒரு சிற்றூர் வாசகர் அடுத்து எந்த நாவலைத் தேடுவது என்று தவித்தபோது அவருக்கு உடனே உதவியது க.நா.சு.வின் பட்டியல்தான்.

பரிந்துரையின் வலிமைக்கு ப. சிங்காரத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போய், போர் முடிந்து திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். இரண்டே நாவல்கள் எழுதினார். முதலாவதான ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்றது. அடுத்த ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதிப் பத்தாண்டு காத்திருந்த பிறகே 1972இல் வெளியிட முடிந்தது. வந்தபோதும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் விமர்சகர் சி. மோகன் அதைத் தமிழின் தலைசிறந்த நாவல்களின் வரிசையில் வைத்து எழுதினார். படித்தவர்கள் நண்பர்களிடம் சொன்னார்கள்; கிடைத்த பிரதிகள் கைமாறின. இன்று தமிழ் நாவல் பட்டியல் எதிலும் அது இல்லாமல் இருப்பது அரிது. சிங்காரமோ 1997இல் காலமாகும்வரை இலக்கிய வட்டங்களுக்கு வெளியேதான் வாழ்ந்தார். ஒரு விளம்பரமும் இல்லாமல், வாசகர் மதிப்பு ஒன்றைக்கொண்டே மேலெழுந்த நூல் அது.

அமைப்பாகச் செயல்பட்ட முயற்சிகளும் இருந்தன. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, பின்னர் தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தம் ‘மல்லிகை’யைத் தெருவில் நின்று நேரடியாக விற்றார். 1960களின் நடுவில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’ உறுப்பினர்களைச் சேர்த்து அவர்களுக்கென்றே நேர்த்தியாக நூல் வெளியிட்டது. லா.ச. ராமாமிருதத்தின் ‘புத்ர’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ ஆகியவை அப்படி வந்தவை. என்ன வருகிறது என்று முழுதாகத் தெரியாமலே, தேர்ந்தெடுப்பவரை நம்பி உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். சாயாவனம் போன்ற நாவலுக்கு அந்த நம்பிக்கைதான் முதல் வாசகர்களைத் தந்தது.

சிற்றூர்களுக்கு இன்னொரு பாதையும் திறந்தது. நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதமி இரண்டும் மலிவு விலையில் பிற இந்திய மொழி நாவல்களைத் தமிழில் தந்தன. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, குர்ரதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’ ஆகியவற்றின் பெயரைச் சொன்னால் முகம் மலரும் வாசகர்கள் தமிழகமெங்கும் உண்டு. அச்சில் இல்லாத காலங்களில் இவை ஜெராக்ஸ் பிரதிகளாகச் சுற்றின. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) நிறுவனம் சோவியத் நூல்களைச் சில ரூபாய்க்கு விற்றதில் கார்க்கியின் ‘தாய்’ தொழிற்சங்கக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனது.

தருமபுரிப் பகுதியின் பங்கையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1990களில் ஜெயமோகன் தருமபுரியில் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தார். அவருடைய ‘விஷ்ணுபுரம்’ நாவல் 1997இல் வந்தது. இந்திய நாவல்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும் அவருடைய ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ பிறகு வந்தது. வங்கத்தையும் மலையாளத்தையும் கன்னடத்தையும் தேடிப்போக அது பல இளைஞர்களைத் தூண்டியது. இதே மாவட்டத்து அலமேலுபுரத்தில் பிறந்த ஆதவன் தீட்சண்யா ‘புதுவிசை’ இதழ் வழியாக வேறொரு வாசிப்பை, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று படிக்கும் வாசிப்பை, முன்வைத்தார். தருமபுரியின் பழம்பெயரைத் தாங்கிய தகடூர் புத்தகப் பேரவை புத்தகத் திருவிழாவை முன்னெடுக்க, பாப்பிரெட்டிப்பட்டி வாசகர் சேலத்துக்கோ சென்னைக்கோ போகாமல் தம் மாவட்டத் தலைநகரிலேயே புத்தகக் குவியலுக்கு நடுவில் நின்று, பக்கத்தில் நிற்பவரிடம் ‘இதைப் படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்க முடிகிறது.

இந்த வரலாற்றை எழுத இதழ்களும் விமர்சன நூல்களும் மட்டும் போதா. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித் தாளில், புத்தகம் திரும்ப வேண்டிய நாட்கள் வரிசையாக முத்திரையிடப்பட்டிருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, திடீரென்று ஒரே மாதத்தில் அடுத்தடுத்து முத்திரை விழுந்திருந்தால், அந்த மாதத்தில் யாரோ அந்த நாவலைப் பற்றிப் பேசியிருக்கலாம். வழங்கல் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அந்த ஊகம் வலுப்படும். பாப்பிரெட்டிப்பட்டி போன்ற வட்டத் தலைநகரங்களின் நூலகங்களில் பழைய பிரதிகள் கழிக்கப்படும்போது முதலில் போவது இந்தத் தாள்கள்தான். தருமபுரி, சேலம் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் மாணவர்களை அனுப்பி இவற்றை இப்போதே படமெடுத்துத் தொகுக்கத் தொடங்க வேண்டும்.