பழைய ஜீப்: வாங்குதலும் மீட்டமைத்தலும்

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளையும் அவற்றின் வழியில் மகிந்திரா நிறுவனம் செய்த வண்டிகளையும் தேடி வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழக்கம். இந்தியாவில் இது பொழுதுபோக்கானது பிற்காலத்தில்தான். பிழைப்புக்காக ஜீப்பைப் பிரித்துப் பூட்டும் வேலை அதைவிட வெகு மூத்தது.

1940இல் அமெரிக்க ராணுவம் இலகுவான நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்று கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. கெடுவுக்குள் மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பாண்டம் என்ற சிறு நிறுவனம். ஆனால் பெரிய ஆர்டர்கள் 60 குதிரைத்திறன் எஞ்சின் வைத்திருந்த வில்லிஸுக்கும், அதே வரைபடத்தின்படி செய்து கொடுத்த ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டன. ஒரே வண்டிக்கு இரண்டு பிறப்பிடம் என்பதால் வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பது சேஸியின் முன் குறுக்குச்சட்டத்தை. அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு போல்ட் தலைகளில்கூடத் தன் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்து வைத்தது.

பழைய ஜீப் வாங்கி ஏமாந்த கதைகளில் மிகப் பெரியது அரசாங்கத்தினுடையது. காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்த 1948இல், லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, மறுசீரமைத்த ராணுவ ஜீப்புகளுக்கு ஏறக்குறைய 80 லட்சம் ரூபாயில் ஒப்பந்தம் செய்தார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவை 155 மட்டுமே. அவையும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்டன. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் பேசப்படும் இந்த விவகாரத்தை 1955இல் அரசு முடித்துவைத்தது.

1945இல் மகிந்திரா அண்டு முகமது என்று தொடங்கிய நிறுவனம், கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானின் நிதியமைச்சராகிவிட, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆனது. வில்லிஸ் உதிரிகளை வரவழைத்து மும்பையில் ஜீப் பூட்டியது. 1953இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே.3பி. ரகத்தில் புதிய எஞ்சின் உயரமாக இருந்ததால் பானட்டை மேலே தூக்கவேண்டி வந்தது. அழகைக் கெடுத்த அந்த மாற்றத்தால்தான் சந்தையில் ‘லோ பானட்’, ‘ஹை பானட்’ என்ற பிரிவு நிலைத்தது. இடப்பக்க ஸ்டியரிங்கோடு கிடைக்கும் லோ பானட்டுக்கு மவுசு அதிகம். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன சி.ஜே.3பி.யின் வம்சம் இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜபல்பூரில் 1969 முதல் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்காவும் ஏலங்கள் வழியே பொதுமக்களிடம் வந்தது. ஆனால் அது நிஸ்ஸான் வழி வந்த தனி இனம்.

மகிந்திரா ஜீப்பின் இந்த நீண்ட ஆயுள் மீட்டமைப்பவருக்கு வரமும் தொல்லையுமாக இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையிலோ ஊர்க் காயலான் கடையிலோ கியரும் ஆக்சிலும் தேடினால் அகப்படும். அதே காரணத்தால் எந்த ஜீப்பும் பிறந்தபடி இல்லை. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு ஓடுவதுதான் முக்கியம், மூலம் அல்ல. 1970களில் பெட்ரோல் விலை ஏறியபின் ஏராளமான வண்டிகளில் டீசல் எஞ்சின் புகுந்தது. மகிந்திராவே பின்னர் பெஜோ டீசலை எம்.எம்.540 ஜீப்பில் பொருத்தியது. அதிர்வுக்கென்று வடிவமைக்கப்படாத பழைய சேஸியில் டீசலை ஏற்றியிருந்தால், எஞ்சின் தாங்கும் இடத்திலும் ஸ்பிரிங் கொக்கிகளிலும் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும்.

பெயின்ட்டைப் பார்த்து மயங்குவது வீண். கதவில்லாத வண்டி, மழை நேரே உள்ளே விழும். போர்க்கால உடலில் தரைத்தகட்டுக்கு அடியில் போன தகரப் பட்டைகளுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது நீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகரத்தை உள்ளிருந்தே அரித்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் டாங்க்கும் அதைத் தாங்கும் பள்ளமும் அடுத்துக் கெடும். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசியது. தகரம் முழுக்கப் போனால் நல்ல டிங்கர் புதிதாகவே மடித்து எடுப்பார். ஜீப் வழிவந்த ஜீப்னி வண்டிகள் ஓடும் பிலிப்பைன்ஸிலோ முழு உடலையே வார்ப்புருப்படி செய்து உலகெங்கும் விற்கிறார்கள்.

உடலை மாற்றலாம், சேஸி எண்ணை மாற்ற முடியாது. ஆர்.சி. புத்தகத்தோடு அது பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது. உற்பத்தியாளர் தந்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் மத்திய அரசு 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. டீசலேற்றிய பழைய ஜீப்புகள் இங்கேயே அடிபட்டுப்போகின்றன. தப்பியவையும் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். மலையேற ஜீப் வாங்குபவருக்கு இந்தப் பதிவால் பயனில்லை, அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் வழியைத்தான் பார்க்கவேண்டும்.